ஒரே ஒரு தடவை கூப்பிட்ட குரல்

ஸ்ரீவைகுண்டத்தில் சங்கரியின் வீட்டு மாடியில் இந்தக் கோடை விடுமுறைக்கு டார்லின் அக்கா குடிவந்திருந்தாள். ராதாபுரத்துக்காரி, கல்லூரி மாணவி. ஏதோ ஒரு வெளிநாட்டு வனவிலங்கு அமைப்புக்காகத் தாமிரபரணியில் நீர்நாய்களை எண்ணும் பயிற்சி வேலை அவளுக்கு.

தினமும் சாயங்காலம் சங்கரியும் நோட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போவாள். ஆற்றங்கரையில் ஒரே சட்டம்தான்: சத்தம் போடக் கூடாது. வாயாடி சங்கரிக்கு அதுதான் பெரிய தண்டனை.

அன்று பொழுது சாய்ந்துவிட்டது. "நீ இங்கனயே இரு. அங்கன நாணலுக்குள்ள என்னமோ அசையுது, பாத்துட்டு வாரேன்" என்று போன அக்கா திரும்பவில்லை.

காற்று நின்றுபோயிருந்தது. ஆனாலும் நாணல் ஆடியது. எங்கோ யாரோ மெலிதாக விசிலடித்தார்கள், அழுவதுபோல.

அப்போது ஒரு குரல்.

"சங்கரீ..."

"என்னக்கா?" என்று கேட்கத் திறந்த வாயைச் சங்கரி சட்டென்று பொத்திக்கொண்டாள். அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! "ஏட்டி, பொழுது அடைஞ்ச பொறவு யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லாத. மூணு தடவை கூப்பிடட்டும். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும்."

சங்கரி காத்திருந்தாள். இரண்டாவது தடவை குரல் வரவே இல்லை. விசில் மட்டும் இன்னும் பக்கத்தில் கேட்டது.

வீட்டுக்கு ஓடிவிடலாம். கால்கள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் சத்தமே போடாத அக்கா மூன்று தடவை எப்படிக் கத்துவாள்?

பயந்துகொண்டேதான் நாணலை விலக்கித் தண்ணீரில் இறங்கினாள். வழவழவென்று ஏதோ ஒன்று அவள் காலை உரசிக்கொண்டு போயிற்று. எதிரே, தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு வெளிறிய முகம் தெரிந்தது.

"பைய வா" என்றது அது.

டார்லின் அக்காவேதான்! முட்டி போட்டபடி, கிழிந்த மீன் வலை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். வலைக்குள் ஒரு நீர்நாய்க் குட்டி. மூக்கு மட்டும் தண்ணீருக்கு வெளியே இருந்தது.

"கையை எடுத்தா முங்கிரும். ஒரு தடவை உன்னைக் கூப்பிட்டதுக்கே குட்டி மிரண்டு இன்னும் சிக்கிக்கிட்டுது. என் பையில பிளேடு இருக்கு, எடு" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

சங்கரி பிளேடை எடுத்து வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தாள். குட்டி துள்ளித் தண்ணீரில் விழுந்தது. விசில் சத்தம் நின்றது. அதுவரை விசிலடித்துக் குட்டியைத் தேடிய தாய் நீர்நாயின் தலை ஒரு நொடி மேலே எழும்பி, குட்டியோடு மறைந்தது.

சேறும் சகதியுமாகக் கரையேறியதும் அக்கா கேட்டாள்.

"நீ வரமாட்டேன்னே நெனைச்சேன். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும்னு எங்க ஊர்லயும் சொல்லுவாவ. பேய்னு நெனைக்கலையா?"

"நெனைச்சேன்."

"பொறவு ஏன் வந்த?"

சங்கரி பாவாடையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"பேயா இருந்தாலும், ஏதோ கஷ்டம்னுதானக்கா கூப்பிடும்?"