ஸ்டெப்னிப் பெட்டி

சக்கரம் வெடிப்பதற்கு முன்பே அந்த வாடை வந்துவிட்டது. மறையூரைத் தாண்டி மேலே ஏற ஏற, சன்னல் வழியே தேயிலை வாசமும் ஈர மண் வாசமும்தான் வந்துகொண்டிருந்தன. ஒரு வளைவில் திரும்பியதும் அதெல்லாம் அடங்கி, பிள்ளை பெற்ற அறைக்குள் நுழைந்தால் முகத்தில் அடிக்குமே, சாம்பிராணியும் மஞ்சளும் திரிந்த பாலும் ரத்தமும் கலந்த அந்த வெதுவெதுப்பான வாடை, அது வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. கமலாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"ஏனுங்க, உங்களுக்கு ஏதாச்சு நாத்தம் வருதுங்களா?"

"மலைன்னா நாலு நாத்தம் இருக்கத்தான் இருக்கும். சும்மா வா புள்ள" என்றார் ரத்தினசாமி, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். ரத்தினசாமி இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைத் தேடிப் பிடித்தவர். நல்லேப்பிள்ளியில் நெல் வயலும் தென்னந்தோப்புமாக வாழ்கிற குடும்பம். ஆசை யாரை விட்டது! எழுபத்து நாலில் ஒரு பழைய வேனை வாங்கிப் பொள்ளாச்சிப் பட்டறையில் விட்டு, உள்ளே இரண்டு பலகைக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துச் சக்கரத்தின் மேல் ஒரு வீட்டையே கட்டிவிட்டார். ஊரில் அதற்கு 'ஊட்டு வண்டி' என்று பேர் விழுந்தது. இரண்டு கட்டிலுக்கும் நடுவில், பின் அச்சுக்கு நேர் மேலே, ஸ்டெப்னிச் சக்கரத்தை வைப்பதற்கு மூடி போட்ட மரப்பெட்டி ஒன்றையும் பட்டறைக்காரர் அடித்துக் கொடுத்திருந்தார்.

வம்பெல்லாம் அந்தப் பெட்டியில்தான் தொடங்கியது. கமலாத்தாளுக்கு இரண்டு கலைந்து, மூன்றாவதாகத் தங்கியவள் மயிலாத்தாள். ஆறு வயது. மகள்மேல் எறும்பு ஊர்ந்தாலும் கமலாத்தாளுக்குப் பொறுக்காது. "வளைவுல திருப்பறப்பக் கட்டல்ல இருந்து மயிலு உருண்டு உழுந்துருவா. ஸ்டெப்னியக் களத்துலயே போட்டுட்டு வாங்க, அந்தப் பெட்டீல மெத்தை போட்டு அவளைத் தூங்க வைக்கறேன்" என்றாள். "ஸ்டெப்னி இல்லாம மலையேறறவன் மடையன்" என்று அவர் எகிறினார். இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்; சோற்றைத் தட்டில் வீசினாள். கடைசியில் வழக்கம்போல இவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் ஆயிற்று. இலவம்பஞ்சு மெத்தை தைத்தாள். புழுதி படியக்கூடாதென்று மூடியைச் சுற்றி ரப்பர் பட்டையும் ஒட்ட வைத்தாள். ஸ்டெப்னி நெற்களத்து மூலையில் கிடக்க, ஊட்டு வண்டி மூணாறு பார்க்கக் கிளம்பியது.

இப்போது, அந்த வாடை வந்த வளைவிலேயே, பின் சக்கரம் டப்பென்று வெடித்தது.

ரத்தினசாமி இறங்கிப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். ஜாக்கியை எடுத்து அச்சுக்கடியில் வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றிவிட்டார். ஆனால் ஈர மண்ணில் ஜாக்கி புதைந்து, வண்டி முனகிக்கொண்டு மெல்லச் சாய்ந்தது. முட்டுக் கொடுக்கக் கல் வேண்டும். மூடுபனி அதற்குள் இறங்கி, பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. சாலையோரம் மார்புயரத்தில் இரண்டு கல் தூண்களும் அவற்றின் மேல் ஒரு பலகைக் கல்லும் மட்டும் பாசி பிடித்து நின்றன.

கமலாத்தாளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு கலைந்தவள், அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்கு நட்டு வைக்கிற சுமைதாங்கி அது. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறினால், இறக்கி வைக்க முடியாமல் போனவளின் சுமை கொஞ்சம் குறையும் என்று நம்பிக்கை. ரத்தினசாமி கடப்பாரையோடு அதை நோக்கிப் போனார்.

"ஏனுங்க, அது சுமைதாங்கிங்க."

"பேரே சுமைதாங்கிதான? நம்ம சுமையுங் கொஞ்சந் தாங்கட்டும். போறப்பத் தூக்கி வச்சர்லாம்." அப்புறம் திரும்பி அவளைப் பார்த்தார். "ஸ்டெப்னி இருந்திருந்தா இந்தக் கல்லு எனக்கெதுக்கு?"

கமலாத்தாள் ஒதுங்கி வழி விட்டாள். அவர் பலகைக் கல்லை நெம்பி இழுத்து, சின்னக் கற்களின் மேல் அடுக்கி, அச்சை அதில் இறக்கினார். வண்டி அசையாமல் உட்கார்ந்தது. அந்தக் கல்லுக்கு நேர் மேலே, மூடி திறந்த பெட்டிக்குள், மயிலாத்தாள் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்கினாள். சற்று நேரத்தில் முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒரு ஜீப் வந்தது. ரத்தினசாமி சக்கரத்தை அதில் போட்டுக்கொண்டு, "பொழுது போறதுக்குள்ள வந்தர்றேன். கதவத் தாள் போட்டுக்க" என்று ஏறிப் போய்விட்டார்.

ஜீப் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு மலை ஒரேயடியாக அமைதியானது. பூச்சி இல்லை, பறவை இல்லை. கூரையில் பனி சொட்டுகிற சத்தமும் மயிலாத்தாளின் மூச்சும் மட்டும் கேட்டன. அந்த வாடை கூடிக்கொண்டே வந்தது. அப்போது வெளியே காலடி கேட்டது. சன்னலைத் திறந்தாள். தலையில் விறகுக் கட்டோடு எஸ்டேட்காரி ஒருத்தி, வயதானவள், வெறும் தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏ ஆத்தே! கல்லை யாரு பேத்தது?"

கமலாத்தாள் தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னாள். எஸ்டேட்காரி தலைக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குத்துக்காலிட்டு வண்டிக்கடியில் பார்த்தாள். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். பெயர் மதலேனம்மாள் என்றும், கீழே லயத்து வீட்டில் இருப்பதாகவும் சொன்னாள். விறகுக் கட்டை மட்டும் தலையிலிருந்து இறக்கவில்லை.

"கத்தரீனா கல்லும்மா அது. பிள்ள பிறக்காம, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகையில இந்த வளைவுலதான் உசுர விட்டா. நாங்க வேதக்காரங்கதான். ஆனா இதுல சுமையை வைக்காம ஒருத்தரும் தாண்ட மாட்டோம். கல்லு இருக்கங்காட்டியும் அவ சும்மா இருந்தா. இப்ப அவ சுமையை எங்க போயி எறக்குவா?" என்றவள் சட்டென்று, "வண்டிக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"பாப்பா தூங்கறாளுங்க."

மதலேனம்மாளின் முகம் செத்துப்போயிற்று. "எடுத்துக் கையில வச்சுக்கிடுங்க. அவுக வார வரைக்கும் கீழ விட்ராதிய. விட்டீகன்னா, நீங்க எடுக்கிற எடத்துல அவ தன்னோடதை வச்சிருவா."

"அக்கா, கொஞ்ச நேரங் கூட இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எம் மக முழுகாம இருக்கா தாயீ. நான் இங்க நிக்கவே கூடாது."

சுமையோடேயே போனாள். ஓட்டமும் நடையுமாக.

கமலாத்தாள் பெட்டியிலிருந்து மகளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கதகதவென்று இருந்தாள் குழந்தை. எண்ணெய் தேய்த்த தலைவாசம். மூச்சு கழுத்தில் பட்டது. வண்டிக்குள் இருட்டு அடை அடையாகச் சேர்ந்தது. அரிக்கேன் விளக்கு ஆணியில் தொங்கியது. கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு தீக்குச்சி கிழிக்க முடியாது. ஒரு கையால் கிழித்துப் பார்த்தாள். ஒடிந்தது. இன்னொன்றும் ஒடிந்தது. இருட்டில் பிள்ளையோடு இருப்பதா, ஒரு நிமிஷம் இறக்கி வைப்பதா? வண்டி சாய்ந்திருந்தது, கட்டிலில் விட்டால் உருண்டுவிடுவாள். பழகிய கை பழகிய இடத்துக்கே போயிற்று. பாவி, மெத்தையில் கிடத்தினாள். திரும்பினாள். குச்சியைக் கிழித்தாள்.

முதுகுக்குப் பின்னால் டப்பென்று ஒரு சத்தம்.

விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். பெட்டி மூடியிருந்தது. தாள் போட்ட கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. பனி புகைபோல உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அம்மா..."

வெளியிலிருந்து.

"அம்மா, குளுருது. தூக்கிக்கங்கம்மா."

கதவிடுக்கில் விளக்கை நீட்டினாள். படிக்குக் கீழே மயிலாத்தாள் நின்றாள். காலையில் இவள் கையாலேயே போட்டுவிட்ட மஞ்சள் கவுன், கலைந்த பின்னல், நடுங்குகிற உதடு. அடி பாவி மகளே, எப்போது எழுந்து வெளியே போனாய்! கமலாத்தாள் கையை நீட்டினாள்.

பெட்டிக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா. அம்மோவ். தெறங்க. இருட்டா இருக்குது."

நீட்டிய கை நின்றது. ஒரே குரல். ஒரே கொஞ்சல். மெல்லக் கேட்டாள்.

"நம்மூட்டுக் கன்னுக்குட்டி பேரென்ன கண்ணு?"

"செவலை" என்றது வெளியே நின்றது.

"செவலை" என்றது பெட்டிக்குள் இருந்தது, அதே மூச்சில்.

மூடியின் மேல் கை வைத்தாள். பாறை போலச் சில்லென்று இருந்தது. அந்த வாடை அங்கிருந்துதான் வந்தது. நீங்க எடுக்கிற எடத்துல அவ தன்னோடதை வச்சிருவா. கிழவி சொன்னது அப்படியே நடந்துவிட்டதே! எடுத்தாள், வைத்தாள், அதற்கு இடையில் வந்து இறக்கிவிட்டாள். உள்ளே இருப்பது அவளுடையது. கண்ணுக்கு நேரே நிற்கிறாளே என் பிள்ளை! கண் பொய் சொல்லுமா?

மூடியின் மேல் உட்கார்ந்தாள். முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தாள். எட்டிக் கதவைத் தள்ளி, வெளியே நின்றவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை நனைந்து சில்லிட்டிருந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டது.

கீழே தட்டல் வேகமாயிற்று. மூடி தொடையில் இடித்தது.

"அம்மா, மூச்சு முட்டுது. அம்மா."

"போ" என்றாள் கமலாத்தாள். "போயிரு சாமி. உன்ற ஆத்தாகிட்டப் போயிரு."

"அம்மா, நாந்தாம்மா. மயிலு."

காதைப் பொத்தினாள். மடியில் இருந்தது அசையாமல் இருந்தது. கீழே உதைத்தது. கீறியது. நகம் மரத்தில் இழுபடும் சத்தம். அழுகை. இருமல். ம்மா. ம்மா. பிறகு ஒரு தட்டல். நெடுநேரம் கழித்து இன்னொன்று.

பிறகு இல்லை.

கூரையில் பனி சொட்டியது. வாடை போய்விட்டது. போயே போய்விட்டது. கமலாத்தாளுக்கு அழுகை பொங்கியது. தப்பித்தோம் மாரியாத்தா, தப்பித்தோம் என்று முனகிக்கொண்டே மகளின் உச்சியில் முகம் புதைத்தாள்.

எண்ணெய் வாசம் இல்லை.

எந்த வாசமும் இல்லை.

ஜீப் விளக்கு பனியில் மஞ்சளாக வந்து நின்றது. ரத்தினசாமி சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார், போன காரியம் முடிந்த சந்தோஷத்தில் குரல் உரத்திருந்தது. "பயந்துட்டீங்களா ரண்டு பேரும்? பாப்பா முழிச்சுக்கிட்டாளா? இந்தா கண்ணு, பன்னு வாங்கியாந்தேன்."

"அப்பா" என்றது மடியில் இருந்தது.

அவர் சிரித்தார். கன்னத்தைக் கிள்ளினார். கன்னம் கையில் சில்லிட்டதோ என்னவோ, "போத்தி விடு புள்ள" என்று சொல்லிவிட்டு இறங்கினார். சக்கரத்தை மாட்டினார். வண்டி கல்லிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தது. அந்தக் கல்லை எடுத்து வைக்க யார் இருக்கிறார்கள்? காலால் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கமலாத்தாள் மூடியை விட்டு எழவில்லை. எழுந்தால் திறக்கவேண்டும். மடியில் பாரம் ஏறிக்கொண்டே வந்தது. தொடை மரத்து, இடுப்பு ஒடிந்துவிடும் போலிருந்தது. வண்டி குலுங்கியபோது கீழே ஏதோ தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து முட்டியது. அவள் குனிந்து பார்த்தாள்.

மூடியின் ரப்பர் பட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில், நசுங்கி, ஒரு விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது மஞ்சள் கவுனின் ஓரம்.

அவள் கத்த வாயைத் திறந்தாள். முன்னால் ரத்தினசாமி சீட்டியடித்துக்கொண்டு வளைவில் வண்டியைத் திருப்பினார். மடியில் இருந்தது தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு சின்னக் கையை நீட்டி, விரல் நுனியால், அந்த மஞ்சள் துணியைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பெட்டிக்குள்ளேயே திணித்தது.