வெற்றுத் தாளில் மூன்று ரேகை

தெருமுனையிலேயே பால் தீய்ந்த வாடை அடித்தது. தன் வீட்டுப் பாலாக இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் ஆத்மநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் அமராவதி ஒருநாளும் பாலைப் பொங்கவிட்டவள் இல்லை. பொழுது சாய்ந்து, கண்மாய்ப் பக்கமிருந்து பாசி வாடையோடு காற்று வந்துகொண்டிருக்க, விளக்கேற்றாத வாசலில் அவள் நிலையில் சாய்ந்து தெருவையே பார்த்தபடி நின்றாள்.

“பிரகதா எங்க?”

“நீங்கதானே ஆள் அனுப்புனீங்க? அவருதான் கூட்டிட்டுப் போனாரு. நல்ல நெட்டை ஆளு, வெள்ளைச் சட்டை, எடது காதுல கடுக்கன்.”

அவர் யாரையும் அனுப்பவில்லை. ஆனால் அந்த ஆளைத் தெரியும். அவனை உண்டாக்கியதே அவர்தான்.

போன வருஷம், ஐம்பத்திரண்டில், கண்ணாத்தாள் என்ற கூலிக்காரப் பெண்ணைக் கண்மாய்க்கு இழுத்துப்போய்த் தண்ணீரில் அமுக்கிக் கொன்றவன் பண்ணையார் மகன். மூன்று பேர் பார்த்தார்கள். மூவரும் அவன் பெயரைத்தான் சொன்னார்கள். ரைட்டர் வழக்கம்போல வெற்றுத் தாளில் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு, “நான் எழுதிக்கிறேன், போங்க” என்று அனுப்பிவிட்டார். பிறகு ஆற அமர உட்கார்ந்து, ஒருவர் வாயில் நெட்டை ஆளையும், ஒருவர் வாயில் நொண்டிக் குள்ளனையும், ஒருவர் வாயில் சிவப்புச் சேலைக்காரியையும் வைத்தார். கோர்ட்டில் சிரித்தார்கள். கேஸ் செத்தது. அந்த எழுத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“நெட்டை ஆளா?” பக்கத்து வீட்டு சந்தனமேரி வேலியோரம் வந்தாள். “நானும் பாத்தேன்யா. குள்ளன். வலது கால இழுத்து இழுத்து நடந்தான்.”

“ஏன்டி பொய் சொல்ற? நான் பெத்த புள்ள யாரோட போச்சுன்னு எனக்குத் தெரியாதா?” அமராவதி கத்தினாள்.

ஆத்மநாதனுக்குப் பயம் வந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். முக்குக் கடை ஹாஜா முகைதீன் எழுந்து நின்றார்.

“ரைட்டரய்யா, யாரு அந்தம்மா? செவப்புச் சேலை கட்டி, பாப்பாவக் கூட்டிக்கிட்டு அங்கிட்டுப் போச்சு. கண்மாய்ப் பக்கம்.”

ஸ்டேஷனுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? மூன்று சாட்சி, மூன்று ஆள். அவரே சிரித்திருப்பார்.

ஓடினார். கருவேலங்காடு. முள். செருப்பு எங்கேயோ கழன்றது. கரை ஏறினார். மூச்சு வாங்கியது.

தண்ணீரில் பிரகதா. ஆறு வயசு. இடுப்பளவு. வலது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

“பிரகதா!”

குழந்தை அவர் பக்கம் திரும்பவில்லை. தூக்கிய கைக்கு மேலே அண்ணாந்து பார்த்து அழுதது.

“அப்பா, கைய விடுங்கப்பா. வலிக்குது.”

கரையில் நின்ற ஆத்மநாதன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

குழந்தை ஓரடி வைத்தது. அவர் தண்ணீரில் பாய்ந்தார். சேறு முழங்காலைப் பிடித்துக்கொண்டது. குழந்தை இன்னும் ஓரடி. மார்பு. கழுத்து.

“அப்பா...”

தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. தூக்கிய கை மட்டும் வெளியே நின்றது. நின்றபடியே, ஆழத்தைப் பார்த்து நகர்ந்தது.