சதுர அடி என்றால் என்ன?

அகரத்து மாதா கோயிலில் ஞானோபதேசப் பரிசு மூன்று வருடமாக ஒரே வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அது செபஸ்தியான் மகள் ஆனந்தமேரியின் வீடு. வேதபாடத்தின் நூறு கேள்விக்கும் நூறு பதிலை அவள் தடுமாறாமல் ஒப்பிப்பாள். சாமியார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து நிற்கும்.

பள்ளிப் பாடத்தையும் அவள் அப்படியேதான் படித்தாள். கண்ணை மூடிக்கொள்வாள். முன்னும் பின்னும் ஆடுவாள். சரித்திரம், பூகோளம், கணக்கு எல்லாம் ஒரே ராகத்தில் வெளியே வரும். ஆமாம், கணக்கும்தான்! ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் எந்தக் கணக்குக்கு என்ன விடை என்று கேட்டாலும், தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள்.

நயா பைசா வந்த மறு வருடம் அது. திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர ஒரு பரீட்சை வைத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆறே ஆறு இடம்.

"இடம் கெடச்சாப் படி. கெடைக்கலைன்னா, மல்லி பறிக்க ஒரு ஆளு கூடுச்சுன்னு நெனச்சுக்கிறேன்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

மல்லிகையின் மேல் ஆனந்தமேரிக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அவளுக்கு மேலே படிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருந்தபோது, ஊர் வாத்தியார் பவுல்ராஜ் சார் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். துணைக்கு அடுத்த வீட்டுச் சண்முகவள்ளியும் போனாள்.

"ஒரு தோட்டம். நீளம் பதினெட்டு அடி, அகலம் பத்து அடி. பரப்பளவு எம்புட்டு?" என்று கேட்டார் சார்.

ஆனந்தமேரி கண்ணை மூடினாள். "முந்நூறு சதுர அடி சார்!"

"எப்படி வந்துச்சு?"

"பன்னெண்டாவது கணக்கு சார். தோட்டம்னா முந்நூறு."

சார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அது புஸ்தகத்துத் தோட்டம் ஆத்தா. இருபதுக்குப் பதினஞ்சு. நான் கேட்டது வேற தோட்டம்ல? நீளத்தை அகலத்தால பெருக்கணும். டவுன்ல புஸ்தகக் கணக்கு கேக்க மாட்டாக. அவுகளா யோசிச்சுக் கேப்பாக."

வாசலில் நின்ற சண்முகவள்ளி களுக்கென்று சிரித்தாள். ஆனந்தமேரிக்கு வெட்கத்தில் காது சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் புதிதாக மனப்பாடம் தொடங்கியது. "பரப்பளவுன்னா நீளத்தை அகலத்தால பெருக்கணும். சுத்தளவுன்னா ரெண்டையும் கூட்டி ரெண்டால பெருக்கணும்." நூறு தடவை சொன்னாள். பிறகு சண்முகவள்ளியைக் கேள்வி கேட்கச் சொன்னாள்.

"தோட்டத்தைச் சுத்தி வேலி போடணும். எத்தனை அடி?"

"நீளத்தை அகலத்தால பெருக்கணும்!"

"தப்பு. சரி, தோட்டத்தோட பரப்பளவு?"

"கூட்டி ரெண்டால பெருக்கணும்!"

"ஏடி, நீ கொழம்புறதுமில்லாம என்னையும் கொழப்புற. எங்க வீட்டுக் கிளியே தேவலை போ!"

ஆனந்தமேரி புத்தகத்தை மூடினாள். அவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. "வள்ளி, சதுர அடி, சதுர அடின்னு சொல்றேனே. அப்படின்னா என்னடி?"

"புஸ்தகத்துல போட்டிருக்கும்."

புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. மறுநாள் சாரிடமே போய்க் கேட்டாள்.

"அதுவா... நீளத்தையும் அகலத்தையும் பெருக்குனா வர்றது" என்றார் சார்.

"ஏன் சார் பெருக்கணும்? கூட்டுனா ஆகாதா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "எங்க வாத்தியாரு அதைச் சொல்லித் தரலையே ஆத்தா" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

"சரி சார், நானே பாத்துக்கிறேன். அந்த அடிக்கோலை மட்டும் குடுங்க."

அடிக்கோலை வைத்து ஒரு அடி நீளத்துக்குச் சோளத்தட்டையை வெட்டினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். இது ஒரு அடி, சரி. இதில் சதுரம் எங்கே இருக்கிறது? அன்றைக்கு முழுவதும் ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாளும் பிடிபடவில்லை. "வெயில்ல என்னத்தா பண்ற?" என்று அம்மா வியாகுலம்மாள் இரண்டு தடவை சத்தம் போட்டாள். ஆனந்தமேரி எழுந்திருக்கவில்லை. விடுவதாக இல்லை அவள்.

மூன்றாம் நாள் இன்னும் மூன்று தட்டைகளை வெட்டி, நான்கையும் தரையில் மூலைக்கு மூலை சேர்த்து வைத்தாள். ஒரு சின்னக் கட்டம் வந்தது. ஆறு வயதுத் தம்பி மிக்கேல்ராஜ் ஓடிவந்து அதற்குள் குந்திக்கொண்டான்.

"இது என் வீடு!"

"ஏலே, எந்திரி!" என்று அதட்ட வந்தவள் அப்படியே நின்றாள். "டேய் தம்பி, உன் வீடு ஒரு சதுர அடிடா!"

"நல்ல வீடா அக்கா?"

"ரொம்ப நல்ல வீடு. பக்கத்துலயே இன்னொரு வீடு கட்டுவோம் வா."

தட்டைகளை நகர்த்தி நகர்த்திக் குச்சியால் கோடு போட்டாள். வரிசைக்கு ஆறு கட்டம். மொத்தம் நான்கு வரிசை. ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்து நான்கு. அப்புறம்தான் அவளுக்குப் பளிச்சென்றது. எதற்கு எண்ண வேண்டும்? வரிசைக்கு ஆறு, நான்கு வரிசை. ஆறு நான்கு இருபத்து நான்கு!

"அம்மா! அதுக்குத்தாம்மா பெருக்குறாக!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளைத் தேள் கொட்டிவிட்டதோ என்று பயந்துபோய்க் கரண்டியோடு வெளியே வந்தாள்.

விஷயம் தெரிந்ததும், "இம்புட்டுத்தானா? அப்ப நம்ம கொல்லைக்கு வள்ளி வீட்டுல மிளகா நாத்து எத்தனை கேக்கணும்னு சொல்லு பாப்போம். அடிக்கு ஒண்ணு நடணும். போன தடவை குத்துமதிப்பா வாங்கிப் பாதி காஞ்சுபோச்சு" என்றாள்.

ஆனந்தமேரி கொல்லையை அளந்தாள். பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம். தொண்ணூற்று ஆறு. ஆனால் ஒரு மூலையில் துவைக்கிற கல் கிடந்தது. இப்படி ஒரு கணக்கு புத்தகத்தில் எங்கேயும் இல்லை. பரவாயில்லை, கல்லுக்கு அடியில் எத்தனை கட்டம் போகும்? மூன்றுக்கு இரண்டு, ஆறு.

"தொண்ணூறு நாத்தும்மா."

சாயங்காலம் நட்டு முடித்தபோது கையில் ஒரு நாற்றும் மிஞ்சவில்லை. பாத்தியில் ஓர் இடமும் காலியாக இல்லை.

"அட, எண்ணி வச்ச மாதிரி இருக்கே!" என்றாள் அம்மா.

"எண்ணலைம்மா. பெருக்குனேன்."

பரீட்சை நாளன்று அப்பா பூவண்டியிலேயே அவளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் விட்டார். நாற்பது பெண்கள் சிலேட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் முடிந்தது. கணக்கில் மூன்று கேள்விகள் முடிந்தன. கடைசிக் கணக்கைத் தலைமைக் கன்னியாஸ்திரீயான மதர் கரும்பலகையில் எழுதினார்.

'ஓர் அறையின் நீளம் 12 அடி, அகலம் 9 அடி. தரைக்குச் சதுரக் கல் பதிக்க வேண்டும். ஒரு கல்லின் ஒவ்வொரு பக்கமும் அரை அடி. எத்தனை கற்கள் வேண்டும்?'

பன்னிரண்டு ஒன்பது நூற்று எட்டு. அரை அடிக் கல் என்றால் இரண்டு மடங்கு. இருநூற்றுப் பதினாறு. பக்கத்துப் பெண் எழுதிவிட்டாள். முன்னால் இருந்தவளும் அதையே எழுதினாள். ஆனந்தமேரியின் பலப்பமும் 2 என்று எழுதிவிட்டது.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். அவள் பலப்பத்தைக் கீழே வைத்தாள். சிலேட்டு ஓரத்தில் ஒரே ஒரு கட்டம் வரைந்தாள். அதற்குள் அரை அடிக் கல்லை வைத்துப் பார்த்தாள். மேலே இரண்டு. கீழே?

கீழேயும் இரண்டு!

எழுதியதை அழித்துவிட்டு 432 என்று போட்டாள். மற்றவர்கள் எல்லாரும் தப்பு, தான் மட்டும் சரி என்று எப்படி நம்புவது? மறுபடியும் கட்டத்தைப் பார்த்தாள். அதில் நான்கு கற்கள்தான் இருந்தன. அதற்குமேல் அவள் அழிக்கவில்லை.

மதர் ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்துக்கொண்டு வந்து அவளிடம் நின்றார். "நீ மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறாயே. எப்படி?"

ஆனந்தமேரி கண்ணை மூடவில்லை. ஆடவும் இல்லை. சாக்பீஸ் கேட்டு வாங்கினாள். தரையில் மண்டியிட்டுக் கட்டம் போட்டு, நடுவில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு கிழித்தாள். "ஒரு சதுர அடிக்கு நாலு கல்லு மதர். அந்த மாதிரி நூத்தியெட்டு."

"இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்தில் படித்தாய்?"

"எதுலயும் படிக்கல மதர். இன்னைக்குத்தான் மொதமொதப் பாக்குறேன்."

மதர் சிரித்தார். அவளுடைய பெயரைக் கேட்டு, ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் முதல் வரியில் எழுதிக்கொண்டார்.

வாசலில் அப்பா காலி வண்டியோடு காத்திருந்தார். "என்னத்தா, படிச்சதெல்லாம் வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரலப்பா."

அப்பாவின் முகம் சுருங்கிப் போனது. ஆனந்தமேரி ஒரே தாவாகத் தாவி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஆனா இடம் கெடச்சிருச்சு!"