அட்டை ஓட்டை

இஸ்திரிக் கடை டிவியில் சிறுமி குருவியின் அம்மா ஒரு பெரியவரைத் தள்ளிவிட்டார். பெரியவர் விழுந்தார். மறுபடியும் தள்ளினார். மறுபடியும் விழுந்தார். காலையிலிருந்து இதே ஓட்டம்தான்.

‘முதியவரைத் தள்ளும் கை, முன்னேற்றம் தருமா?’ என்று கீழே சிவப்பு எழுத்து ஓடியது.

அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். வார்டு தேர்தலில் நிற்கிறார். நாளை ஓட்டு.

“சே! இந்தம்மாவுக்கா ஓட்டுப் போட இருந்தேன்?” என்றார் இஸ்திரி மாமா. அப்புறம்தான் வாசலில் நின்ற குருவியைப் பார்த்தார்.

“மாமா, அன்னைக்கு நான் ஆஸ்பத்திரி வாசல்லதான் இருந்தேன். சிலிண்டர் ஏத்துன வண்டி சரிவுல உருண்டு வந்துச்சு. அம்மா தள்ளலன்னா அவர் மேல ஏறியிருக்கும்.”

“டிவியில வண்டியே காணோமேம்மா?”

“அதைக் காட்டல.”

“நீ அவங்க பொண்ணு. வேற எப்படிச் சொல்லுவே?”

குருவிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வீட்டில் அம்மா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். “விடுடா. வீடு வீடாப் போய் நான் தள்ளுன கதையைச் சொல்லிட்டு இருக்க முடியுமா?”

குருவி விடவில்லை. ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கிழித்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டாள். தம்பியையும் பக்கத்து வீட்டு அக்காவையும் இழுத்துக்கொண்டு இஸ்திரிக் கடைக்கு ஓடினாள்.

“மாமா, அட்டையை மூஞ்சிக்கு நேராப் பிடிங்க. ஓட்டை வழியா மட்டும் பாருங்க.”

மாமா பார்த்தார். துணி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

குருவி தம்பியின் சட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். அவன் தெருவே அதிரக் கத்தினான். சொல்லிக் கொடுத்ததைவிட அதிகமாகவே கத்தினான்.

“ஏய்! பச்சைப்புள்ளையை எதுக்கு இப்படி இழுக்குறே?”

“இப்ப அட்டையை இறக்குங்க.”

தம்பி நின்ற இடத்துக்கு ஒரு முழம் முன்னால், பிரேக் பிடித்த சைக்கிளில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

“சைக்கிளா வந்துச்சு?”

“ஓட்டையில தெரியலையா மாமா?”

மாமா டிவி பக்கம் திரும்பினார். அதில் அம்மா மறுபடியும் தள்ளினார். இந்த முறை மாமா அம்மாவைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தையே பார்த்தார்.

சட்டென்று படம் மாறியது. அம்மாவை எதிர்த்து நிற்கும் மளிகைக்காரர் வந்தார். ஒரு குழந்தையின் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கினார். குழந்தை வீறிட்டது.

“பாத்தீங்களா ஆளை!” என்று கடையே கத்தியது. “குருவி, உங்கம்மா ஜெயிச்சாச்சு போ!”

குருவியின் மனம் ஒரு நிமிடம் துள்ளியது. பொட்டலம் பிடுங்கினார். மறுபடியும் பிடுங்கினார்.

அவள் அட்டையை எடுத்தாள். ஸ்டூலில் ஏறி, டிவிக்கு முன்னால் பிடித்தாள்.

“இதுக்கு வெளியே என்ன இருந்துச்சு மாமா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் தெரியாது.”

“லூசா நீ?” என்று அக்கா கிள்ளினாள். “உங்கம்மா ஜெயிக்க வேணாமா?”

“வேணும்” என்றாள் குருவி. ஆனாலும் அட்டையை இறக்கவில்லை.

டிவியில் குழந்தை மறுபடியும் வீறிட்டது.

மாமா எழுந்து டிவியை அணைத்தார். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினார்.

“மளிகைக் கடை இன்னும் மூடியிருக்காது. வா, அவரையே கேப்போம்” என்று செருப்பை மாட்டினார். “போற வழியில ஆஸ்பத்திரி. அந்தச் சரிவையும் எனக்குக் காட்டு.”