குப்பிக்குள் சாய்ந்த பனி

டாக்டர் அதுஹைரே உள்ளே வந்தும் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே பேசினார். அவர் நடக்க நடக்கக் கெமிகிஷாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. போலீஸ் வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிந்து வந்த ருட்டாரோவிடம் உதவிக்குச் சேர்ந்த நாள் முதல் இப்படி ஒரு வழக்குக்காகத்தான் அவள் காத்திருந்தாள். ருட்டாரோ மட்டும் பால் தேநீரை நிதானமாக ஆற்றிக்கொண்டிருந்தார்.

செத்துப்போனது ஒரு புரதம். மனித மூளையில் மனநிலையைச் சீராக்கும் செரட்டோனின் என்ற ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி அது. மனித மரபணுவை வேறு உயிரணுக்களுக்குள் புகுத்தி, ஆராய்ச்சிக்கென்றே வளர்த்தெடுத்தது. துக்கத்தில் முடங்கியவர்களுக்கு அன்கோலே வட்டாரத்து நாட்டு வைத்தியர்கள் கொடுக்கும் ஒரு மரப்பட்டையின் சாறு அந்த ஏற்பியில் ஒட்டுகிறதா என்று கண்டறிவதுதான் டாக்டரின் பல வருட உழைப்பு. அதைப் பார்வையிட நாளை வெளிநாட்டுக் குழு வருகிறது. இன்று காலை சோதித்தபோதோ, கட்டாயம் ஒட்ட வேண்டிய செரட்டோனின்கூட ஒட்டவில்லை.

ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் அந்தப் புரதம் எதற்கும் உதவாது. நேற்று மதியம் மழையில் மின்சாரம் போயிருந்தது. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் நாபோத் தூங்கிவிட்டான் என்று சொல்லி, ஆய்வக இயக்குநர் கமுகாமா அவனை வேலையை விட்டே நீக்கிவிட்டார். டாக்டரும் எல்லார் முன்னாலும் அவனைத் திட்டித் தீர்த்திருந்தார்.

"அப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றார் ருட்டாரோ.

"கரண்ட் போன உடனே போட்டேன்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணினான். அதை நம்பவும் முடியல, தள்ளவும் முடியல."

மூவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். டாக்டர் உறைபெட்டியைத் திறந்ததும் வெண்புகை வழிந்து இறங்கியது. அதன் சாவி டாக்டரிடமும் இயக்குநரிடமும் நாபோத்திடமும் இருந்தது. மேல் தட்டில் புரதக் குப்பிகளின் பெட்டி எப்போதும்போல நேராக நின்றது. கெமிகிஷா கையுறை மாட்டிக்கொண்டு ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பாதி நிறைந்த குப்பி. ஆனால் பனி அடியில் மட்டமாக இல்லை. ஒரு பக்கச் சுவரோடு மூடிவரை ஏறியிருந்தது. அடுத்த குப்பியிலும் அப்படியே. பக்கத்துப் பெட்டியில் இருந்த குப்பிகளிலெல்லாம் பனி மட்டமாகத்தான் இருந்தது. வந்து இறங்கியபோது இவையும் அப்படித்தான் இருந்தன என்றார் டாக்டர்.

கெமிகிஷா அப்போதே இயக்குநர் அறைக்கு ஓடப் பார்த்தாள். ருட்டாரோ அவளைத் தடுத்து, தாங்கள் மூவரும் பார்த்ததை யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார்.

இயக்குநரின் அறையில் மேற்கு ஜன்னல் முழுக்க வெயில். கணக்குத் தீர்க்க வந்திருந்த நாபோத் கதவோரம் நின்றான். குப்பிகள் உருகியிருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு, இயக்குநர் அந்த உறைபெட்டியை எப்போதாவது திறந்ததுண்டா என்று கேட்டார் ருட்டாரோ. தமக்கு அந்தப் பக்கமே வேலையில்லை என்றார் கமுகாமா.

"இதுல துப்பறிய என்னய்யா இருக்கு? ஜெனரேட்டர் ஓடல, உருகிப்போச்சு, ஒரு பக்கமா சாஞ்சு உறைஞ்சு கெடக்கு. இவன் ஒரு எட்டு போய்ப் பார்த்தானா?"

கெமிகிஷாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. ருட்டாரோ அவளைக் கண்ணால் அடக்கினார்.

"சாஞ்சதுன்னு உங்களுக்கு யாரு ஐயா சொன்னாங்க?"

டாக்டர்தான் சொல்லியிருப்பார் என்றார் கமுகாமா. டாக்டர் தலையை ஆட்டி மறுத்தார். ருட்டாரோ விளக்கினார்.

"பெட்டி இப்ப நேரா நிக்குது ஐயா. கரண்ட் போய் அங்கேயே உருகியிருந்தா, திரும்ப மட்டமாத்தான் உறைஞ்சிருக்கும். பக்கத்துப் பெட்டியும் உருகியிருக்கும். இது மட்டும் வெளிய போய் உருகியிருக்கு. யாரோ அவசரத்துல படுக்கவாட்டுல வச்சிருக்காங்க, அப்படியே உறைஞ்சிருக்கு. பெறகு வந்து நிமித்தி வச்சிருக்காங்க. அது படுத்துக் கெடந்தது எங்க மூணு பேரைத் தவிர அந்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும்."

கமுகாமா எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். நேற்றுக் காலை பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். டாக்டர் பெட்டியை வெளியே எடுக்க விடமாட்டார் என்று தெரிந்து, அவர் இல்லாதபோது தாமே எடுத்துவந்து மேசைமேல் வைத்துக்கொண்டார். நடுவில் தொலைபேசி வர, பெட்டியை மறந்தேபோனார். நினைவு வந்து, அவசரமாகத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். மதியம் மின்சாரம் போனதும், பழி போட ஓர் ஆளும் கிடைத்துவிட்டான்.

"உருகினது தெரிஞ்சும் திரும்ப வச்சீங்களா?" என்றார் டாக்டர்.

நாளை வரும் குழுவிடம் நடந்ததைக் கமுகாமாவே சொல்லவேண்டும் என்று முடிவாயிற்று. புதுப் புரதம் வந்து சேரும்வரை மரப்பட்டை காத்திருக்க வேண்டியதுதான்.

நாபோத் அதற்குள் படியிறங்கி முற்றத்தைத் தாண்டிவிட்டிருந்தான். டாக்டர் பின்னாலேயே ஓடினார், கெமிகிஷாவும் ஓடினாள். மூச்சிரைக்க மன்னிப்புக் கேட்டார் டாக்டர், வேலை அவனுடையதுதான் என்றார். அவன் நின்று கேட்டான். முகம் இளகவில்லை.

"நாளைக்கு வர்றேன் டாக்டர். வேலை போச்சுன்னு காலையிலேயே என் பொண்டாட்டிக்குப் போன்ல சொல்லிட்டேன். அழுதுட்டிருப்பா. மொதல்ல அங்க போகணும்."

வெயில் மங்கி, மழை மறுபடி தூற ஆரம்பித்தது. அவன் ஒரு மோட்டார் சைக்கிள்காரனைக் கைகாட்டி நிறுத்தி, பின்னால் ஏறிக்கொண்டு, சீக்கிரம் போகச் சொன்னான்.