மூடி வைத்த டம்ளர்

சத்தியபிரியா தன் மகனைத் தொட்டு ஒன்பது நாளும் ஐந்து மணி நேரமும் ஆகியிருந்தன.

பிரசவம் முடிந்து, பெருமாள்மலைக்கு மேலே காபித் தோட்டத்தை ஒட்டியிருந்த கணவனின் பழைய வீட்டுக்கு ஜீப்பில் வந்து இறங்கினாள். அன்று மாலையே அவள் கழுத்தில் முதல் கொப்புளம் தெரிந்தது. அம்மை.

கணவன் மதனுக்கு அம்மை வந்ததே இல்லை. அதனால் அவன் கடைத்தெருவில் நண்பன் அறையில் தங்கிக்கொண்டான். அந்த உயரத்தில் வேப்பமரம் கிடையாது. வத்தலக்குண்டிலிருந்து வேப்பிலை வாங்கி வந்து வாசலில் போட்டுவிட்டு, போனில் மட்டும் பேசினான். வீட்டில் மிச்சம் இருந்தது அவன் தங்கை சுதாராணி. சின்ன வயதிலேயே அம்மை கண்டவள். குழந்தையை முன்னறையில் வைத்து அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

நர்ஸம்மா வந்து பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டுத் தெளிவாகவே சொன்னார். கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டும்வரை பிள்ளையைத் தொடவேண்டாம். ஆனால் மார்பில் கொப்புளம் இல்லை, பால் வழியாக நோய் போகாது, பீய்ச்சிக் கொடுங்கள். இந்த நேரத்தில் தாய்ப்பால்தான் அவனுக்குக் காவல்.

சத்தியபிரியா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, டம்ளரில் பீய்ச்சி, தட்டால் மூடிக் கதவுக்கு வெளியே வைப்பாள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே நகர்ந்துகொள்வாள். சுதா எடுத்துப் போவாள். கதவிடுக்கில் தொட்டில் சேலை மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் காலி டம்ளர் திரும்பி வரும்.

அதன் அடியில் மண் ஒட்டியிருந்தது.

முதலில் அவள் பொருட்படுத்தவில்லை. மறுநாளும் மண் இருந்ததால் கேட்டாள்.

"சயின்ஸ் படிச்சவங்க, டம்ளரக்கூட பூதக்கண்ணாடி வச்சுத்தான் பாப்பீங்க போல மதினி," என்று கதவுக்கு அப்பால் சுதா சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றுபோனது.

போன தை மாதம் சுதாவுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து, ஒரே நாளில் போய்விட்டது. பெருமாள்மலை இடுகாட்டில் புதைத்ததாக மதன் சொல்லியிருந்தான். அதன்பிறகு புருஷன் வீட்டார் அவளைக் கூப்பிடவேயில்லை. இப்போது மூடிய கதவுக்கு வெளியே அவளும் ஒரு பச்சைக் குழந்தையும். சத்தியபிரியாவின் மகனைச் சுதா தன் மார்பில் போட்டுக்கொள்கிறாளோ? சத்தியபிரியா அதை மதனிடம் சொன்னாள். படுத்துக்கொண்டே எதையாவது கற்பனை பண்ணாதே, அவள் தூக்கம் கெட்டு உன் பிள்ளையைப் பார்க்கிறாள் என்று அவன் போனை வைத்துவிட்டான்.

இன்னொன்றை அவனிடமும் சொல்ல முடியவில்லை.

முன்னறையில் மகன் அழும்போது அவள் மனம்தான் துடித்தது, பால் சுரக்கவில்லை. மதியம் தாண்டி மூடுபனி காபிச் செடிகள் மேல் இறங்கும். ஜன்னல் வெளுத்துப்போகும். ஈர மண் வாசனை அறைக்குள் வரும். அப்போது வீட்டின் பின்பக்கமிருந்து மெல்லிசாக ஓர் அழுகை கேட்கும்.

அதற்குத்தான் பால் சுரந்தது. ரவிக்கை நனையும்வரை சுரந்தது.

"சுதா, பனியில பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போகாத."

"நான் எங்கயும் போகல மதினி. தம்பி இங்கதான் தூங்குறான்."

பதில் முன்னறையிலிருந்து வந்தது.

பின்பக்கம் அழுகை நிற்கவில்லை.

பொருக்குகள் எல்லாம் காய்ந்திருந்தன. இனித் தொடலாம். அன்றும் பனி இறங்கி, அழுகை தொடங்கியதும் சத்தியபிரியா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

தொட்டிலில் அவள் மகன் உறங்கிக்கொண்டிருந்தான். கன்னம் உப்பியிருந்தது. தொட்டிலுக்குக் கீழே பாதி தீர்ந்த பால்பவுடர் டின்னும் புட்டியும் இருந்தன. அவனைத் தூக்கக் கையை நீட்டினாள். அவன் உதடுகள் மூடியிருந்தன.

அழுகை கேட்டுக்கொண்டேயிருந்தது.

அடுப்படிக் கதவு திறந்து கிடந்தது. பின்னால் பட்டர்புரூட் மரத்தடியில், முதுகைக் காட்டிக்கொண்டு சுதா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மண்மேல் டம்ளர் இருந்தது.

"என் பால என்ன பண்ணுற, சுதா?"

சுதா திரும்பவில்லை. மெதுவாகப் பேசினாள்.

"அம்மை கண்ட ஒடம்புப் பாலு. நர்ஸம்மா என்ன சொன்னாலும் எனக்கு மனசு வரல. தம்பிக்கு டின் பாலுதான் குடுத்தேன். தாய்ப்பால கால் படுற எடத்துல ஊத்தக் கூடாதுல்ல, அதான் மரத்தடியில ஊத்துனேன்." சற்று நிறுத்தினாள். "இப்பல்லாம் ஊத்துறது இல்ல. வச்சுட்டுத் திரும்பிக்கிறேன்."

டம்ளர் காலியாக இருந்தது. சுற்றிலும் பால் சிந்திய சுவடே இல்லை.

அழுகை நின்றது.

சத்தியபிரியாவின் இடது மார்பில் சில்லென்று எதுவோ பட்டது. சின்னதாக, ஈரமாக.

பிறகு அது இழுத்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பனிதான் இருந்தது. பால் இறங்குவது நன்றாகத் தெரிந்தது.

ரவிக்கை நனையவில்லை.

"சுதா... யாரு இது?"

இப்போதுதான் சுதா திரும்பினாள். அவள் பார்வை சத்தியபிரியாவின் முகத்தில் இல்லை, சற்றுக் கீழே இருந்தது.

"எம்பிள்ளையப் பெருமாள்மலைக்குக் கொண்டு போகல மதினி," என்றாள். "அண்ணனும் நானும் இங்கதான் பொதச்சோம். இந்த மரத்தடியில."