நூறு என்றது ஒளிமானி

நிலவிலுள்ள பிறைநகரின் கண்காட்சிக் கூடத்தில் முல்லைக்கொடி மொட்டுவிட மறுத்தது. நீர் சரி, உரம் சரி, வெப்பம் சரி. ஒளிமானியோ நூற்றுக்கு நூறு என்றது. ஆனாலும் இலைகள் நாளுக்கு நாள் வெளிறின. மறுநாள் திறப்பு விழா.

மதுரவாணியின் படைப்பே அந்தக் கொடிதான். விளக்கு கிடையாது. சூரிய வெளிச்சம் பூமியின் மேகத்திலும் பனியிலும் மணலிலும் பட்டுத் தெறித்து நிலவுக்கு வருகிறதல்லவா? அந்தப் பூமியொளியைக் கூரைக் கண்ணாடிகள் குவித்துக் கொடியின்மேல் இறக்கும். நிலவின் நீண்ட இரவில் அதற்கு அதுவே உணவு.

"கண்ணாடியை மூணு தடவை தொடச்சாச்சு தாயீ. இனிமே தொடச்சா தேஞ்சுதான் போவும்" என்றார் கண்ணாடிகளைப் பராமரிக்கும் சூசை. "பேசாம ஒரு விளக்க மாட்டு. எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"எனக்குத் தெரியுமேண்ணே."

ஒளிமானியையே சோதித்துப் பார்க்க, அவருடைய தலைவிளக்கைக் கழற்றி ஒளிமானிக்கு முன்னால் பிடித்தாள். கூடம் கட்டியபோது நாற்பது காட்டிய அதே விளக்கு. இப்போது அறுபது!

"பரவால்லயே, என் விளக்குக்கு வயசு திரும்புது!"

மதுரவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒளிமானி மாதந்தோறும் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். எதை வைத்து? முழுப் பூமியின் ஒளியை வைத்து. என்றும் மாறாதது அது ஒன்றே என்று நம்பி, அதையே நூறு என்று வைத்திருந்தார்கள். முழக்கோல் சுருங்கினால் துணி நீண்டதாகத்தானே தெரியும்? விளக்கு கூடவில்லை. நூறுதான் குறைந்திருக்கிறது.

கூடத்துத் தொலைநோக்கியைப் பூமிப்பக்கம் திருப்பி, பழைய படத்தோடு ஒப்பிட்டாள். துருவத்தில் வெண்மையைக் காணோம். பாலைவனங்கள் கன்னங்கரேலென்று கிடந்தன. விழும் ஒளியில் துளியும் திருப்பித் தராமல் மின்சாரமாக்கும் ஒளியுண்ணித் தகடுகள், கண்டம் முழுக்க.

"அடப்பாவிகளா! பூமிக்கே கரியப் பூசிட்டானுவளே! இம்புட்டு கரண்டும் யாருக்கு?"

"நமக்குத்தாண்ணே. சகாராவோடது மொத்தமும் நுண்ணலைக் கற்றையா இங்கதான் வருது."

சூசை தலைவிளக்கைத் திரும்ப வாங்கி அணைத்தார். "அப்ப விளக்கு மாட்டுனா?"

"அதுக்கும் அங்க ஒரு தகடு விரிப்பாங்க. பூமி இன்னும் இருட்டும்."

"நாளைக்கு மேடையில என்ன சொல்லப் போற?"

"கொடி பூக்கிறதுக்கான வழியச் சொல்லப் போறேன். சகாராத் தகடுகளைச் சுருட்டணும். பிறைநகர் மிச்சமிருக்கிற பாதி மின்சாரத்துல வாழணும்."